மைதாஸ் ராஜாவோட பொண்ணு எங்கேருந்து வந்தா?

"மாமா, அந்த ராஜா பொண்ணு பேரு என்ன?"

கேட்டது அக்கா பையன். அஞ்சாவது படிக்கிறான். ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி கதை சொல்றது என் டிபார்ட்மென்ட். அன்னிக்கு ஓடினது தொட்டதெல்லாம் பொன்னாகிற மைதாஸ் கதை. கடைசியில பெத்த பொண்ணையே தொட்டுட்டு, அவ தங்கச் சிலையா நிக்கிறதைப் பார்த்து ராஜா கதறுவாரே, அதே கதைதான். நம்ம எல்லாரும் ஸ்கூல்ல படிச்சதுதான். ஆனா பேர் ஞாபகம் வரல. "நாளைக்குச் சொல்றேன்டா"ன்னு தப்பிச்சுட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். எழுந்திருக்கும்போது மணி ஒன்றரை.

ஏன்னா, ஒரிஜினல் கதையில அந்தப் பொண்ணே இல்லைங்க!

இந்தக் கதையை விரிவா எழுதினது ரோமானியக் கவிஞர் ஓவிட். கி.பி. 8 வாக்கில் எழுதி முடிச்ச 'மெட்டமார்ஃபஸிஸ்'ல பதினோராவது பாகம். அதுல மைதாஸ் மரக்கிளையைத் தொடறார், கல்லைத் தொடறார், கதிரைத் தொடறார், ஆப்பிளைத் தொடறார். சாப்பாடும் ஒயினும் தங்கமானதும் பயந்துபோய் பாக்கஸ் தேவன்கிட்ட மன்னிப்புக் கேட்கிறார். பக்டோலஸ் ஆத்துல குளிச்சதும் சாபம் போகுது. அவ்வளவுதான். பசியும் தாகமும்தான் அவரைத் திருத்துது. மகள் பாசம்னு ஒரு வரி கிடையாது.

அப்போ பொண்ணு எங்கேருந்து வந்தா? 1851-ல அமெரிக்காவிலேருந்து.

நத்தானியேல் ஹாதார்ன்னு ஒரு எழுத்தாளர். 'ஸ்கார்லெட் லெட்டர்' எழுதினவர்னா சிலருக்குப் பிடிபடும். மாசசூசெட்ஸ்ல லெனாக்ஸ்ங்கிற ஊர்ல குடும்பத்தோட இருந்தப்போ, அந்தக் கோடையில குழந்தைகளுக்காக கிரேக்கக் கதைகளைத் திருப்பி எழுதினார். புத்தகம் பேரு 'எ ஒண்டர் புக் ஃபார் கேர்ள்ஸ் அண்ட் பாய்ஸ்'. ஆறு கதை. அதுல மைதாஸுக்கு ஒரு பொண்ணைச் சேர்த்தது அவர்தான். அதை மறைக்கவும் இல்லை. இப்படி ஒரு பொண்ணு இருந்தது என்னைத் தவிர யாருக்கும் தெரியாதுங்கிற மாதிரி கதை ஆரம்பத்துலயே குறும்பா சொல்லிட்டு, மேரிகோல்ட்னு பேரும் வச்சுடறார். மேரிகோல்டுனா நம்ம ஊர் செண்டுமல்லிதான்! பேருக்குள்ளயே தங்கத்தையும் வச்சிருக்கார் மனுஷன்.

பழைய கோடுல யாரோ ஒருத்தர் போட்ட பேட்ச், ஒரிஜினல் கோடை விட நல்லா ஓடினா என்ன ஆகும்? எல்லாரும் அதையே ஒரிஜினல்னு நினைச்சுப்பாங்க. அதேதான் இங்கயும் நடந்துருக்கு.

இதைப் படிச்சதும் வேற கதைகளையும் நோண்ட ஆரம்பிச்சேன். ஹாதார்ன் சேர்த்தது ஒண்ணு. மறைச்சது?

பண்டோரா கதையை எடுத்துக்கோங்க. ஹெஸியட் எழுதின பழைய கதையில அவ குழந்தை இல்லை. ஆண்களைத் தண்டிக்கறதுக்காக ஜீயஸ் செய்யச் சொல்லி அனுப்பின பெண். அவ திறந்தது பெட்டியும் இல்லை, பெரிய மண் தாழி. பதினாறாம் நூற்றாண்டுல எராஸ்மஸ் லத்தீன்ல எழுதும்போது தாழி பெட்டியாயிடுச்சு. ஹாதார்ன் பண்டோராவையே ஒரு சுட்டிப் பொண்ணா மாத்திட்டார்.

இன்னும் பெரிய மாத்தம் பெர்சிஃபனி கதையில. பழைய கிரேக்கப் பாடல்ல, பூப்பறிச்சுட்டு இருந்த பொண்ணை பாதாள தேவன் ஹேடீஸ் கதறக் கதறத் தூக்கிட்டுப் போறான். அதுக்குச் சம்மதம் கொடுத்தது யாருன்னு நினைக்கறீங்க? அவளைப் பெத்த அப்பா ஜீயஸ்! அம்மா டிமீட்டர் மட்டும் ஊரெல்லாம் தேடி அலையறா. ஹாதார்ன் 1853-ல 'டாங்கிள்வுட் டேல்ஸ்' புத்தகத்துல இதை எழுதும்போது பெர்சிஃபனி சின்னக் குழந்தை. பாதாள ராஜாவுக்கு அரண்மனையில தனியா இருக்க போரடிக்குது, ஓடி விளையாட ஒரு குழந்தை வேணுமாம். கல்யாணம் அவுட். அப்பாவோட சம்மதமும் அவுட்.

இதுக்கு எதிர்ப்பு வரும்னும் அவருக்குத் தெரியும். புத்தகத்துல கதை சொல்றவன் யூஸ்டேஸ்னு ஒரு கல்லூரிப் பையன். குழந்தைகளோட அப்பா, படிச்ச பெரிய மனுஷர், "பழைய கதையில கை வைக்காதே"ன்னு கண்டிக்கிறார். பையன் விடறதா இல்லை. இந்தக் கதைங்க உலகத்துக்கே பொதுச்சொத்து, கிரேக்கனுக்கு மட்டும் பட்டா போட்டுத் தரலைங்கிற தொனியில பதில் சொல்றான்.

இதுக்கப்புறம் வந்த எல்லாருமே இந்தக் கேள்வியோடதான் மல்லுக்கட்டியிருக்காங்க. எதைச் சொல்றது, எதை விடறது?

இங்கிலாந்துல பாதிரியாரா இருந்த சார்லஸ் கிங்ஸ்லி தன் குழந்தைகளுக்காக 'தி ஹீரோஸ்' எழுதினார். 1856-ன்னு போட்டு வந்த புத்தகம். பெர்ஸியஸ், தீஸியஸ், ஆர்கோ கப்பல்னு மூணு வீரக் கதை. 1907-ல ஈ. நெஸ்பிட் 'தி என்சாண்டட் காசில்' எழுதினாங்க. இங்கதான் ரூட் மாறுது. பழைய கதையைத் திருப்பிச் சொல்லாம, தன் காலத்துக் குழந்தைகளை ஒரு தோட்டத்துல கொண்டுபோய் விட்டு, நிலா வெளிச்சத்துல அங்க இருக்கிற கிரேக்க தெய்வச் சிலைகளுக்கு உயிர் கொடுத்துட்டாங்க. திருப்பிச் சொன்ன புராணம் புது நாவலா ஆயிடுச்சு.

அப்புறம் சி.எஸ். லூயிஸ். 1950-ல வந்த முதல் நார்னியா நாவல்ல, ஆட்டுக்கால் வச்ச டம்னஸ் குடையோட பனியில வந்து லூசியை டீ குடிக்கக் கூப்பிடுவாரே, ஞாபகம் இருக்கா? கிரேக்கக் கதையில அந்த மாதிரி ஆட்டுக்கால் ஆசாமிங்க குடியும் கும்மாளமுமா பெண்களைத் துரத்தற கோஷ்டி! லூயிஸுக்கும் அது தெரியாம இல்லை. 1951-ல அடுத்த நாவல்ல பாக்கஸே வர்றார். ஆஸ்லான் சிங்கம் மட்டும் கூட இல்லேன்னா இவங்களைப் பார்த்தா பயமா இருந்திருக்கும்னு சூசன் பேசறா.

1962-ல வந்த டோலேர் தம்பதியோட படப் புத்தகம் அமெரிக்காவுல தலைமுறை தலைமுறையா ஓடினது. அதுல ஜீயஸோட லீலையெல்லாம் கல்யாணமா மாறிடுச்சு. 1970-ல லியான் கார்ஃபீல்டும் எட்வர்ட் பிளிஷனும் 'தி காட் பினீத் தி ஸீ'ன்னு எழுதினப்போதான் பழைய கொடூரத்தை மூடி மறைக்காம வச்சாங்க. அதுக்கு கார்னகி மெடல் கிடைச்சது.

இப்போ நம்ம ஹீரோவுக்கு வருவோம்.

ரிக் ரையோர்டன், டெக்ஸாஸ்காரர். பதினஞ்சு வருஷம் நடுநிலைப் பள்ளி வாத்தியார். அவர் பையனுக்கு டிஸ்லெக்சியாவும் கவனக்குறைபாடும் இருக்குன்னு தெரிஞ்சது. எழுத்தைப் பார்த்தாலே ஓடற பையனுக்குப் பிடிச்சது கிரேக்கக் கதை மட்டும்தான். தினமும் ராத்திரி சொல்லிச் சொல்லி ஸ்டாக் தீர்ந்துபோச்சு. "புதுசா ஒண்ணு சொல்லுங்கப்பா"ன்னு கேட்டதும் பிறந்தவன்தான் பெர்சி ஜாக்சன். 2005-ல 'தி லைட்னிங் தீஃப்' வந்தது. பெர்சிக்கு எழுத்து ஆடறதுக்குக் காரணம், அவன் மூளை பண்டைய கிரேக்கம் படிக்கறதுக்காக அமைஞ்சதாம். தன் பிள்ளைக்காக ஒரு அப்பா கண்டுபிடிச்ச காரணம், பாருங்க!

ஆனா எனக்கு முக்கியமாப் பட்டது வேற. நூத்தம்பது வருஷமா பெரியவங்க வழிச்சு வழிச்சுத் துடைச்சது என்ன? தேவர்கள் கண்ட இடத்துல குழந்தை பெத்துட்டு திரும்பிப் பார்க்காம போறதை. ரையோர்டன் அதையே தூக்கிக் கதைக்கு நடுவுல வச்சுட்டார். பெர்சியை வளர்க்கிறது அம்மா. கேம்ப்ல இருக்கிற பிள்ளைங்க நிறைய பேரு அப்பாவோ அம்மாவோ கண்டுக்காத பிள்ளைங்க. யாரும் 'என் பிள்ளை'ன்னு சொல்லிக்காத குழந்தைகள் எல்லாம் ஹெர்மிஸ் குடிலில் பாயைப் போட்டுப் படுத்துக் காத்திருக்காங்க. கதையோட சண்டையே அந்தக் கோபத்துலேருந்துதான் கிளம்புது. 2009-ல வந்த அஞ்சாவது புத்தகத்துல தேவர்கள் பெர்சிக்குச் சாகாவரம் தர்றாங்க. அவன் வேண்டாம்னுட்டு, "உங்க பிள்ளைங்களை எல்லாம் பதிமூணு வயசுக்குள்ள ஏத்துக்கோங்க"ன்னு வரம் கேட்கிறான்.

அவரும் எல்லாத்தையும் சொல்லிடலை. ஓவிட் எழுதினபடி அத்தீனா கோயில்ல பொசைடன் மெடூசாவைப் பலாத்காரம் பண்றான், தண்டனை அவளுக்கு. 2005 நாவல்ல அவ அவனோட கேர்ள்ஃப்ரெண்ட்னு முடிஞ்சுபோச்சு. 2023 டிசம்பர்ல டிஸ்னி ப்ளஸ்ல வந்த தொடர்லதான் அவ தரப்பு நியாயத்தைப் பேச விட்டாங்க.

இதே ரையோர்டன் பேர்ல ஒரு பதிப்பு வரிசை தொடங்கினப்போ, 2018-ல முதல்ல வந்தது ரோஷணி சோக்ஷியோட 'ஆரு ஷா' நாவல். அதுல பாண்டவர்கள்! அப்பா ஒரு தேவன், கூட இருந்து வளர்க்கலைங்கறது நமக்கு மட்டும் புதுசா என்ன? பெட்டியில வச்சு ஆத்துல விட்ட கர்ணன் கதையைக் கேட்டு வளர்ந்தவங்கதானே நாம.

சரி, முடிச்சுடறேன். அக்கா பையன் இப்போ என்கூடதான் பெர்சி ஜாக்சன் படிக்கிறான். அவன் அப்பா வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போவார். முதல் புத்தகக் கடைசியில பெர்சி பொசைடனைப் பார்க்கிற இடம் வந்ததும் எனக்குத் தயக்கம். கட்டிப்பிடிச்சு அழற சீன் எல்லாம் கிடையாது. அப்பாவுக்கு என்ன பேசறதுன்னே தெரியலை. ஹாதார்ன் மாதிரி நாமளே ஒரு பேட்ச் போட்டுடலாமான்னு யோசிச்சேன். போடலை. இருக்கிறதை அப்படியே படிச்சேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "அவருக்கும் பயமா இருந்திருக்கும் மாமா"ன்னான்.

நான் லைட்டை அணைச்சுட்டேன்.

பி.கு: மேரிகோல்ட் பேரைச் சொன்னேன். "செண்டுமல்லியா?"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான். உங்க வீட்டுக் குட்டிகளுக்குக் கதை சொல்லும்போது நீங்க எதையெல்லாம் வெட்டறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா :-)