ஒரு பழ ஈயின் மரபணுவைப் படித்த கதை



கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் அந்தச் சின்ன ஈயைத் தெரியும்தானே? விலங்கியல் பாடத்தில் வரும் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் அதுதான். 1910-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண் ஈ ஒன்றைக் கண்டார். மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்பதற்கு அது வலுவான சான்றானது. 1913-ல் அவருடைய மாணவர் ஸ்டர்டிவன்ட் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார். ஆனால் அதன் டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட 2000 வரை ஆயிற்று.

சிக்கல் இதுதான். அன்றைய கருவி ஒரு தடவைக்கு 500 சொச்சம் எழுத்துகளைத்தான் படிக்கும். ஈயின் டிஎன்ஏவோ சுமார் 18 கோடி எழுத்து. பெரிய துண்டுகளாக வெட்டி, எது எங்கே என்று குறித்துக்கொண்டு படிப்பது நிதானமான வழி. கிரெய்க் வென்டரின் செலரா நிறுவனம் வேறு வழியை எடுத்தது. மொத்தத்தையும் பொடிப்பொடியாக்கிப் படித்து, ஒட்டும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விடுவது. 1995-ல் 18 லட்சம் எழுத்துள்ள ஒரு பாக்டீரியாவுக்கு அது பலித்திருந்தது. பெரிய உயிர்களுக்குப் பலிக்காது என்றார்கள் பலர். பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வருவதுபோல, டிஎன்ஏவிலும் ஒரே வரிசை பல இடங்களில் வரும். பல்லவி மட்டும் உள்ள துண்டு எந்தச் சரணத்துக்கு அடுத்தது என்று எப்படிச் சொல்வது?

யூஜின் மையர்ஸ் குழு இதற்கு விடை வைத்திருந்தது. ஒவ்வொரு துண்டிலும் இரு முனைகளையும் படித்தார்கள். இடையிலுள்ள தூரம் ஏறத்தாழத் தெரியும். அதனால் நடுவிலிருக்கும் பல்லவியைத் தாண்டி இரு பக்கத்தையும் இணைக்க முடிந்தது.

பெர்க்லியில் ஜெரால்ட் ரூபினின் குழு ஏற்கெனவே நிதானமான வழியில் இதே ஈயைப் படித்துக்கொண்டிருந்தது. 1998-ல் வென்டர் கேட்டபோது, அவர் போட்டிக்கு நிற்கவில்லை, கைகோத்தார். தரவுகள் எல்லாருக்கும் பொதுவாக வெளிவரும் என்பது உடன்பாடு.

சுமார் 30 லட்சம் துண்டுகளைப் படித்து ஒட்டினார்கள். 2000 மார்ச் 24 'சயின்ஸ்' இதழில் சுமார் 12 கோடி எழுத்தும் 13,600 மரபணுக்களும் வெளியாயின. இடைவெளிகள் இருந்தன, பல்லவியே நிறைந்த மூன்றில் ஒரு பங்கு பிறகுதான் மெல்ல மெல்லப் படிக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்த 289 மனித நோய் மரபணுக்களில் 177-க்கு ஈயிடம் இணை இருந்தது.

மனித மரபணுவில் அதே செலராவும் பொதுத் திட்டமும் எதிரெதிரே நின்று, 2001-ல் தனித்தனி இதழ்களில் வெளியிட்டன. ஈயின் விஷயத்தில் மட்டும் நிறுவனமும் பல்கலைக்கழகமும் ஒரே கட்டுரையில் பெயர் போட்டன. அறிவைப் பங்கிட்டால் வேலை சீக்கிரம் முடியும், பிள்ளைகளே!