நெல்லை குளங்களில் பறவைகளை எண்ணும் மாணவர்கள்: எப்படி, எதற்கு?

ஜனவரி வந்தால் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளக்கரைகளில் பைனாகுலரும் நோட்டுமாக மாணவர்களைப் பார்க்கலாம். மணிமுத்தாறில் உள்ள ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், உள்ளூர் இயற்கை ஆர்வலர்களுடன் சேர்ந்து 2011 முதல் நடத்திவரும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு இது.

ஆயிரம் பறவை மொத்தமாக உட்கார்ந்திருந்தால் எப்படி எண்ணுவது? முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதிய வைக்கணும். பிறகு அதே அளவை வைத்துக் கூட்டத்தை அளக்க வேண்டியதுதான். இருவர் சொல்லும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், திரும்ப எண்ணணும்.

குளம் நிரம்பியிருந்தால் எல்லாப் பறவையும் வந்துவிடும்னு சொல்ல முடியாது. கூழைக்கடாவுக்கு மீன் உள்ள தண்ணீர் வேணும். உள்ளான்களுக்கோ ஆழமில்லாத நீரும் சேறும் போதும். குளத்தின் நிலையை மாணவர்கள் படிப்பது இப்படித்தான்.

கூந்தன்குளம் 1994 முதல் சரணாலயம், பாதுகாப்பு உண்டு. மற்ற பாசனக் குளங்களுக்கு? குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. அந்த மரங்கள் விறகுக்கு ஏலம் போவதும் உண்டு. எந்தக் குளத்தில், எத்தனை கூடு என்ற பதிவு கையில் இருந்தால்தான் ஏலத்துக்கு முன்பே அதிகாரிகளிடம் பேச முடியும்.