வீட்டு மாடியில் சோலார் போடலாமா? முதலில் உங்கள் கரன்ட் பில்லின் மேல்படியைப் பாருங்கள்

‘மாதம் 300 யூனிட் இலவசம், 78,000 ரூபாய் மானியம்’ என்ற விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ஊரில் இருக்கும் அப்பா, “பக்கத்து வீட்ல போட்டுட்டாங்க, நாமளும் போட்டுடலாமா?” என்று கேட்டிருக்கலாம். பணம் போடப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் தொகை சின்னதல்ல. மூன்று கிலோவாட் அமைப்புக்குக் கையிலிருந்து லட்ச ரூபாய்க்கு மேல் போகும். ஒரு வீட்டுக்கு அந்தப் பணம் மூன்று, மூன்றரை ஆண்டில் திரும்பிவிடும். அதே தெருவில் இன்னொரு வீட்டுக்கு இருபது ஆண்டு ஆனாலும் திரும்பாது. இரண்டு மாடியிலும் ஒரே வெயில்தான். அப்புறம் எங்கே வித்தியாசம்? பில்லில்.

‘300 யூனிட் இலவசம்’ என்றால் என்ன?

பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஒரு கோடி வீடுகளில் சோலார் அமைப்பது இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 2026-27 நிதியாண்டு வரை நடைமுறையில் இருக்கும்.

பலர் நினைப்பதுபோல, அரசு உங்கள் பில்லில் 300 யூனிட்டைத் தள்ளுபடி செய்வதில்லை. மூன்று கிலோவாட் பேனல் போட்டால் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் உற்பத்தியாகும். அந்த மின்சாரத்துக்கு நீங்கள் காசு கட்ட வேண்டாம். அவ்வளவுதான். பேனலுக்கான பணம் உங்களுடையது, அதில் ஒரு பங்கை அரசு தருகிறது.

அந்தப் பங்கு எவ்வளவு? ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. அதாவது ஐந்து கிலோவாட் போட்டாலும் 78,000தான்.

ஒரு கிலோவாட் எவ்வளவு தரும்?

நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 120 யூனிட். மழைக்காலத்தில் குறையும், கோடையில் கூடும். ஆனால் வெயில் கொளுத்தினால் உற்பத்தியும் அதே அளவுக்கு எகிறும் என்று எண்ண வேண்டாம். பேனல் சூடாகும்போது அதன் திறன் குறையும்.

பகலில் நீங்கள் பயன்படுத்தியது போக மிச்சம் மின்வாரிய லைனுக்குப் போகும். இரவில் லைனிலிருந்து எடுப்பீர்கள். நெட் மீட்டர் இரண்டையும் கணக்கிட்டு, நிகரமாக எடுத்த யூனிட்டுக்கு மட்டும் பில் போடும். மீந்துபோகும் யூனிட் அடுத்த பில்லுக்குக் கணக்கு வைக்கப்படும். கணக்கு முடிக்கும் காலத்தில் மிச்சமிருப்பதற்கு, நீங்கள் மின்சாரம் வாங்கும் விலை கிடைக்காது. அதைவிடக் குறைந்த விலைதான். எனவே ‘பெருசா போட்டு வித்துடலாம்’ என்ற யோசனை வீட்டுக்குச் சரிப்படாது.

சோலார் வெட்டுவது மேல்படியை

இதுதான் முடிவைத் தீர்மானிக்கும் இடம். நம் மாநிலங்கள் பலவற்றில் மின் கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் யூனிட்டுகள் மலிவு, கடைசி யூனிட்டுகள் விலை அதிகம். சோலார் யூனிட் கழியும்போது முதலில் காணாமல் போவது அந்த விலை அதிகமான கடைசி யூனிட்டுகள்தான்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். நடுப்படிகளில் யூனிட் 5 ரூபாய்க்குள் இருக்கும். 800 யூனிட்டைத் தாண்டினால் 10 ரூபாய்க்கு மேல். இப்போது இரண்டு வீடுகளைப் பாருங்கள். இரண்டுக்கும் மூன்று கிலோவாட் கொட்டேஷன் 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போகக் கைக்காசு 1,02,000.

முதல் வீட்டில் இரண்டு ஏசி, வாட்டர் ஹீட்டர். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட். மூன்று கிலோவாட்டில் ஏறக்குறைய 700 யூனிட் கழிந்தால் பில் 300 யூனிட்டுக்குத்தான். எட்டு, ஒன்பது, பத்து ரூபாய்ப் படிகள் எல்லாம் மறைந்துவிடும். சின்னச் சின்னக் கட்டணங்கள் போனாலும் ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். மூன்றரை ஆண்டுக்குள் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். இந்த வீடு யோசிக்கவே தேவையில்லை.

இரண்டாவது வீட்டில் அப்பா, அம்மா மட்டும். ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். அதிலும் 100 இலவசம். பில்லை மொத்தமாகப் பூஜ்யமாக்கினாலும் ஆண்டுக்கு மிச்சமாவது நாலாயிரம் ரூபாய்ச் சொச்சம். 1,02,000 ரூபாய் திரும்ப இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். கடன் வாங்கிப் போட்டால் இன்னும் மோசம்: 7 சதவீத வட்டி என்றால்கூட முதல் ஆண்டு வட்டியே 7,000 ரூபாய். மிச்சமாகும் பணம் வட்டிக்கே பத்தாது.

இந்த இரண்டாவது வீட்டுக்கு சோலாரே வேண்டாம் என்பதல்ல. ஒரு கிலோவாட் போதும். 70,000 ரூபாய் கொட்டேஷன் என்றால் மானியம் போக 40,000. அதற்கும் ஒன்பது, பத்து ஆண்டு ஆகும். அடுத்த கோடைக்கு ஏசி மாட்டப்போகிறீர்கள், மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது சேரப்போகும் யூனிட்டுகள் எந்தப் படியில் விழும் என்று பாருங்கள்.

பெங்களூரு, டெல்லியில் இருந்தால்?

தமிழ்நாட்டுக் கணக்கை அப்படியே அங்கே பொருத்தாதீர்கள். கர்நாடகத்தில் வீடுகளுக்கு இப்போது ஏறும் படிகள் இல்லை. எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை, அதுவும் 6 ரூபாய்க்குள். அதோடு கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை, உங்கள் பழைய சராசரிப் பயன்பாட்டை ஒட்டி, கட்டணம் கிடையாது. அந்த வரம்புக்குள் இருக்கும் வீட்டுக்கு சோலாரால் மிச்சப்படுத்தப் பெரிதாக எதுவும் இல்லை. டெல்லியிலும் மாதம் 200 யூனிட் வரை பில் பூஜ்யம்தான். அந்த ஊர்களில் சோலார் லாபம் தருவது, இலவச வரம்பைத் தாண்டி அதிகம் செலவழிக்கும் வீடுகளுக்கு.

கரன்ட் போனால் சோலார் ஓடுமா?

சாதாரண ஆன்கிரிட் அமைப்பில் ஓடாது. லைனில் மின்சாரம் போனதும் சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இது. பட்டப்பகலில் பேனல் மின்னிக்கொண்டிருக்க, வீட்டில் ஃபேன் சுற்றாது.

மின்வெட்டுக்காகத்தான் சோலார் என்றால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் அமைப்பு வேண்டும். விலை கணிசமாகக் கூடும். பேட்டரிக்குத் தனி மானியமும் கிடையாது.

மாடி ஒத்துழைக்குமா?

ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தெற்கு பார்த்த சாய்வு நல்லது. தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம், பக்கத்துக் கட்டடத்தின் நிழல் ஆகியவற்றைக் காலை 9 முதல் மாலை 4 வரை கவனியுங்கள். ஒரு பேனலில் விழும் நிழல் அதோடு இணைந்த மற்ற பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடும். பக்கத்துக் காலி மனையில் நாளைக்கு மூன்று மாடி எழும்புமா என்றும் யோசியுங்கள்.

துணி காயப்போட, வடாம் பிழிய மொட்டை மாடி வேண்டும் என்றால் பேனலை உயர்த்திக் கட்டலாம். இரும்புச் செலவு கூடும். கடலோர ஊர் என்றால் புயல் காற்றைத் தாங்கும் கட்டுமானமா, துருப்பிடிக்காத பூச்சா என்று கேளுங்கள்.

அபார்ட்மென்ட், வாடகை வீடு

வாடகை வீட்டில் இருப்பவர் இந்தச் செலவில் இறங்க வேண்டாம். மானியமும் கூரை சொந்தமாக உள்ளவருக்கே.

அபார்ட்மென்டில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. தனியாகப் போட சங்கத்தின் சம்மதம் தேவை. பெரும்பாலும் லாபமான வழி, லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்கான மீட்டருக்குச் சேர்ந்து போடுவது. குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பராமரிப்புக் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று சண்டை நடக்கும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசலாம்.

விண்ணப்பிக்கும் முன்

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? இன்னும் தாத்தா பெயரில் என்றால் முதலில் பெயர் மாற்றம். மின் இணைப்பு, விண்ணப்பம், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் மானியம் சிக்கும்.

திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, அங்கே பதிவான நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 விதித் திருத்தத்தின்படி 10 கிலோவாட் வரை தனித் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். அமைத்து முடித்து, நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே மானியம் கணக்கில் விழும். முழுத் தொகையை முதலில் நீங்கள் புரட்ட வேண்டும். மூன்று கிலோவாட் வரை பிணையில்லாத, வட்டி குறைந்த வங்கிக் கடன் உண்டு.

கொட்டேஷனில் என்ன பார்க்க வேண்டும்?

• விலை மானியத்துக்கு முந்தையதா, பிந்தையதா? பல விளம்பரங்கள் பிந்தைய விலையைத்தான் பெரிதாகப் போடுகின்றன.

• மானியம் வேண்டுமானால், செல் முதல் பேனல் வரை இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும். அந்த வகைக்கு விலை சற்று அதிகம். ‘கம்மி விலைக்குத் தர்றோம்’ என்பவரிடம் இதை முதலில் கேளுங்கள்.

• 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனல்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய கொட்டேஷனைத் தூசி தட்டித் தருகிறார்களா என்று பாருங்கள்.

• பேனலுக்கு 25 ஆண்டு என்பது உற்பத்தித் திறனுக்கான உத்தரவாதம். பொருள் பழுதுக்கான உத்தரவாதம் அதைவிடக் குறைவு. இன்வெர்ட்டர் அத்தனை காலம் உழைக்காது. நடுவில் ஒருமுறை மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

• முதல் 5 ஆண்டு பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. எழுத்தில் வாங்குங்கள். தூசியும் காக்கை எச்சமும் துடைப்பது வீட்டில் யார் வேலை என்பதையும் பேசிவிடுங்கள். எழுபது வயது அப்பாவை மாடி ஏற்றாதீர்கள்.

முடிவெடுக்க ஒரு கணக்கு

கடைசி ஒரு ஆண்டு பில்களை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பில்லிலும் சோலார் தரக்கூடிய யூனிட்டைக் கழித்து, புதிய பில் எவ்வளவு வரும் என்று மின்வாரியத்தின் கட்டண அட்டவணையை வைத்துப் போடுங்கள். பழையதிலிருந்து புதியதைக் கழித்தால் ஆண்டு மிச்சம். மானியம் போக நீங்கள் போடும் பணத்தை அதனால் வகுத்தால், பணம் திரும்ப எத்தனை ஆண்டு என்பது தெரியும்.

ஐந்து ஆண்டுக்குள் என்றால் தாராளமாகப் போடலாம். ஐந்து முதல் எட்டு என்றால், அந்த வீட்டில் உங்கள் குடும்பம் அவ்வளவு காலம் இருக்குமா என்பதே கேள்வி. எட்டைத் தாண்டினால் இன்னும் சின்ன அமைப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கும் எட்டைத் தாண்டினால், இப்போதைக்கு அந்தப் பணத்தை வைத்திருங்கள். அப்பா மறுபடி கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரின் பில் எத்தனை யூனிட் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.