லகாட்டின் ஈயமும் பழைய மோட்டாரும்

ஈப்போவிலிருந்து மெங்லெம்பு வழியாகப் பத்து காஜா நோக்கிச் செல்வோர் லகாட்டைக் கடந்து செல்வர். அப்பக்கத்தில் கண்ணிற் படும் குட்டைகளும் மணல் மேடுகளும் இயற்கை அமைத்தவை அல்ல. ஈய லம்பங்கள் விட்டுச் சென்ற தழும்புகள். இக்குட்டைகளுக்கும், எங்கோ ஒரு பட்டறையில் பிரித்துப் போடப்பட்டிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினுக்கும் தொடர்பு உண்டு என்றால் வியப்பாக இருக்கும். அத்தொடர்பை ஈண்டு ஆராய்வோம்.

எஞ்சினுள் பிஸ்டன் மேலும் கீழும் ஓட, அவ்வோட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. அத்தண்டு சுழலுமிடத்தில் அதனைத் தாங்கி நிற்பதைப் பட்டறையில் பேரிங் என்பர். எஃகின் மேல் எஃகு நேராக உராய்ந்தால் இரண்டும் அழியும். 1839-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தவரான ஐசக் பாபிட் இதற்கு ஒரு வழி கண்டார். நூற்றுக்கு ஏறத்தாழ 89 பங்கு வெள்ளீயம். எஞ்சியது அஞ்சனமும் செம்பும். இக்கலவையில் மெத்தென்ற ஈயத்தினிடையே கடினமான சிறு மணிகள் பரவி நிற்கும். எண்ணெயில் தப்பி வந்த தூசியை ஈயம் தன்னுள் புதைத்துக்கொள்ளும். தண்டு கீறலின்றித் தப்பும். தான் தேய்ந்து பிறரைக் காப்பது இதன் இயல்பு.

அவ்வீயம் எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே மிகுதியாக ஈயம் தந்த நாடு மலாயா. மலாயாவில் முதன்மையானது கிந்தா சமவெளி. லகாட் அச்சமவெளியின் ஓர் ஊர். லம்பங்களில் உழைத்தோருள் பெரும்பாலோர் சீனர். ஈயக் கப்பல்களில் தமிழரும் மலாய்க்காரரும் வேலை செய்தனர். ஈயத்தை ஏற்றிச் சென்ற தண்டவாளங்களை அமைத்த கைகளுள்ளும் தமிழர் கைகள் பல. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938-இல் கட்டப்பெற்று 1982 வரை மண்ணை வாரியது.

அக்கப்பல் கட்டப்பட்ட காலத்திலேயே இங்கிலாந்தில் எம்.ஜி. நிறுவனம் டி.ஏ. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவந்தது. அது 1936 முதல் 1939 வரை வெளிவந்தது. அதன் எஞ்சினில் நான்கு பிஸ்டன்கள்; உருளையின் விட்டம் 63.5 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 102 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 1292 கன சென்டிமீட்டர். அதன் பேரிங்குகள் வெள்ளீயக் கலவையை உருக்கி நேரே வார்த்தவை. உருக்கப்பட்ட ஈயத்துக்கு ஊர்ப்பெயர் இல்லை. ஆகவே இந்தக் காரில் லகாட்டின் ஈயம் உண்டு என்று சுட்டிக் காட்ட இயலாது. எனினும் அந்நாளைய உலகச் சந்தையில் கிந்தாவின் ஈயம் எத்துணைப் பெரும்பங்கு பெற்றிருந்தது என்பதை எண்ணின், அதை இல்லை என்று தள்ளவும் இயலாது.

இத்தகைய எஞ்சினைப் புதுப்பிப்போர் முதலில் பழைய ஈயத்தை உருக்கி எடுப்பர். பின் உட்புறத்தைத் துலக்கி, சூடேற்றி, மெல்லிய ஈயப் பூச்சு இடுவர். பித்தளைப் பாத்திரத்தில் நவச்சாரம் தூவி ஈயம் பூசும் நம் ஊர்த் தொழிலும் இதுவும் ஓரினத்தவை. பூச்சு பற்றாவிடில் மேலே வார்ப்பதும் பற்றாது. அதன்பின் கலவையை வார்த்து, ஒரே நேர்கோட்டில் குடைந்து, தண்டில் நீலச் சாயம் தடவிச் சுழற்றிப் பார்த்து, சாயம் பட்ட மேடுகளைச் சுரண்டுவர். தண்டின் ஓர் அங்குல விட்டத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய தொழிலாளர் கணக்கு. அவ்விடைவெளியில் எண்ணெய் நின்று தண்டை ஏந்தும்.

புதுப்பிப்பது ஒன்று, வேகம் கூட்டுவது வேறொன்று. எஞ்சின் தலையைச் சீவி அழுத்தத்தை ஏற்றுவர். பெரிய கார்புரேட்டரும் வால்வுகளும் பொருத்துவர். இவை கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். ஆனால் சுமையைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத பேரிங். நிமிடத்துக்கு 4,500 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 75 முறை ஏறி இறங்கும். அதனை 5,400 ஆக்கினால் சுற்று கூடுவது ஐந்தில் ஒரு பங்கே. பிஸ்டனின் எடையால் எழும் இழுப்போ 1.44 மடங்காகும். தடித்த ஈயம் இவ்வடியை நெடுநாள் தாங்காது, வெடித்து உதிரும்.

இதற்கு விடை ஈயத்தைக் கூட்டுவதன்று, குறைப்பது. எஃகுத் தகட்டின்மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு இட்டால், எஃகு அதனைத் தாங்கிப் பிடிக்கும்; வெப்பமும் விரைந்து வெளியேறும். இம்முறையை 1930-களில் பிரிட்டனில் பரப்பியவர் டோனி வாண்டர்வெல். 1939-இல் வந்த எம்.ஜி. டி.பி.யின் 1250 கன சென்டிமீட்டர் எஞ்சின் இத்தகைய தகட்டு பேரிங் கொண்டது. பிஸ்டன் ஓட்டமும் 90 மில்லிமீட்டராகக் குறுகியது. போருக்குப்பின் எண்ணற்ற பந்தயக்காரர்கள் மாற்றியமைத்து ஓட்டியது இந்த எஞ்சினையே. வாண்டர்வெல்லின் பெயரோடு அவர் பேரிங்கின் பெயரான தின்வால் என்பதையும் இணைத்துப் பிறந்த வான்வால் கார்கள் 1958-இல் உலகின் முதல் கார் அமைப்போர் வாகையைச் சூடின.

இன்று பழைய டி.ஏ. எஞ்சினைத் திறப்பவர்முன் இரு வழிகள் உள்ளன: ஈயத்தையே மீண்டும் வார்ப்பது, அன்றித் தகட்டு பேரிங்குக்கு இடம் குடைவது. பந்தயத்தில் ஓட்டுவோர் இரண்டாவதைக் கொள்வது முறையே. வரலாற்றுச் சின்னமாகப் போற்றுவோர் ஈயத்தையே வார்த்தல் நன்று என்பது நம் கருத்து. அன்றேல் அவ்வெஞ்சினில் அக்காலத்தின் கைவேலை மறைந்துவிடும்.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தாவின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காரின் பெயரும் ஓட்டியவர் பெயரும் நூல்களில் உள்ளன. ஈயம் எடுத்தவர் பெயர் அங்கு இல்லை. அச்சாணியின் சிறுமையை நோக்காது அதன் பயனை நோக்கச் சொன்னவர் வள்ளுவர். அக்குறளை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள், தேருக்குப் பின் ஒரு மோட்டாரையும் காட்டலாம். பின் மாணவரை லகாட்டின் குட்டைக் கரைக்கு அழைத்துச் சென்று, இங்கிருந்து எடுத்தது எங்கெல்லாம் சுழன்றது என்று சொல்லலாம்.