28 பவுண் முதலில் ஒரு கடை



சிறு தொழிலொன்றைத் தொடங்க விரும்புவோர் முதன்முதல் எண்ணுவது பணத்தைப் பற்றியே. "கையில் முதல் இருந்தால் நானும் ஒரு கடை போட்டிருப்பேன்" என்ற பேச்சை ஊர்தோறும் கேட்கின்றோம். தொழிலுக்கு முதல் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும், நிறைந்த முதலோடு திறந்த கடைகள் பல ஓரிரண்டு ஆண்டுகளிற் கதவடைத்துப் போவதையும், முதலுக்கு வழியற்றோர் திறந்த கடைகள் சில தழைத்தோங்குவதையும் வரலாறு காட்டுகின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு, இங்கிலாந்திலே ஏழைத் தொழிலாளர் சிலர் 1844ஆம் ஆண்டு திறந்த ஒரு பலசரக்குக் கடையின் கதை பெரிதும் பயன்படும்.

மான்செஸ்ரர் நகருக்கு வடக்கே றொச்டேல் என்றோர் ஊர் உண்டு. பிளனல் என்னும் மென்கம்பளித் துணி நெய்வதிற் பெயர்பெற்ற ஊர் அது. நீராவி இயந்திரங்கள் பெருகப் பெருகக் கைத்தறி நெசவாளரின் கூலி குறைந்துகொண்டே வந்தது. 1840ஐத் தொடர்ந்த ஆண்டுகளை அந்நாட்டார் பஞ்ச காலமாகவே நினைவுகூர்வர். கூலியை உயர்த்தும்படி நெசவாளர் கேட்டுப் பார்த்தனர், பயன் கிட்டவில்லை. கூலியைக் கூட்ட இயலாதெனின், பெறும் கூலியையாவது பயனுறச் செலவிடல் ஆகாதோ என்ற எண்ணம் அவர்களுட் சிலருக்கு எழுந்தது.

அக்காலத்து ஏழைத் தொழிலாளி பொருள் வாங்கிய முறையை நாம் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். வாரக் கூலி கைக்கு வருமுன்னரே வீட்டில் மா தீர்ந்துவிடும். கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்குவான். கூலி வந்ததும் பழைய கடனைக் கொடுப்பான். மீண்டும் புதுக் கடன் தொடங்கும். கடன்பட்டவனால் விலையைப் பற்றிக் கேட்கவும் முடியாது, நிறையைப் பற்றிக் கேட்கவும் முடியாது, வேறு கடைக்குச் செல்லவும் முடியாது. சில ஊர்களில் ஆலை முதலாளிகளே கடை வைத்து, கூலிக்குப் பதிலாக அக்கடைச் சரக்கையே கொடுத்தனர். இதனைத் தடுப்பதற்கு 1831ஆம் ஆண்டில் ஒரு சட்டம் ஆக்கப்பட்டும் வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

பொருளின் தரமோ இன்னும் மோசமாக இருந்தது. பாணை வெண்மையாக்கப் படிகாரம் கலந்தனர். ஒருமுறை ஊறிய தேயிலையை உலர்த்தி மீண்டும் விற்றனர். 1851 முதல் 1854 வரை ஆதர் ஹில் ஹஸால் என்னும் மருத்துவர் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு உணவுப் பொருள்களை ஆராய்ந்து, லான்செற் என்ற மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்ட பின்னரே இக்கலப்படத்தின் அளவை நாடு அறிந்தது. அதன் விளைவாகக் கலப்படத் தடைச் சட்டம் ஒன்று 1860இல் நிறைவேறியது. றொச்டேல் தொழிலாளர் தங்கள் கடையைத் திறந்தது அச்சட்டத்துக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னராகும்.

இன்னொரு செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. றொச்டேலிற் கூட்டுக் கடை திறப்பது அதுவே முதன்முறை அன்று. 1833ஆம் ஆண்டு, அதே டோட் ஒழுங்கையில், 15ஆம் இலக்கக் கட்டிடத்தில், நெசவாளர் ஒரு கடை திறந்திருந்தனர். உறுப்பினர்க்குக் கடன் கொடுத்தது அக்கடை. கொடுத்த கடன் திரும்பவில்லை. 1835இல் அது மூடப்பட்டது. கெட்ட எண்ணம் உடையார் எவரும் அதனைக் கெடுக்கவில்லை. அயலவர் படும் துன்பத்துக்கு இரங்கிய நல்லெண்ணமே கடையை விழுங்கியது. அத்தோல்வியை உடனிருந்து கண்டவர் சிலர், சாள்ஸ் ஹோவார்த் உட்பட, 1844இல் மீண்டும் முயன்றோருள் இருந்தனர். இதுவே புதிய முயற்சியின் உண்மையான முதல் என்று கூறினும் மிகையாகாது.

அவர்கள் பணம் சேர்த்த வகையைக் காண்போம். வாரந்தோறும் ஆளுக்கு 2 பென்ஸ் கொடுப்பதென முடிவு செய்தனர். அந்நாளில் ஒரு பவுண் என்பது 240 பென்ஸ். இவ்வீதத்தில் ஒருவர் ஒரு பவுண் சேர்ப்பதற்கு 120 வாரங்கள் வேண்டும்! பின்னர்ச் சந்தாவை 3 பென்ஸாக உயர்த்தினர். இவ்வாறு சிறுகச் சிறுகத் திரண்ட தொகை 28 பவுண். 1844 அக்டோபர் 24ஆம் நாள் 'றொச்டேல் நீதிநெறி முன்னோடிகள் சங்கம்' எனத் தம் அமைப்பைப் பதிவுசெய்தனர். டோட் ஒழுங்கை 31ஆம் இலக்கப் பண்டசாலையின் கீழ்த்தளத்தை ஆண்டுக்கு 10 பவுண் வாடகைக்கு எடுத்தனர். வாடகைக்கும் தளபாடத்துக்கும் செலவு போக, ஏறத்தாழ 16 பவுணுக்கே சரக்கு வாங்க முடிந்தது. 28 இறாத்தல் வெண்ணெய், 56 இறாத்தல் சீனி, 6 அந்தர் கோதுமை மா, ஒரு மூடை ஓட்ஸ் மா, சில மெழுகுதிரிகள். கடையின் மொத்தச் சரக்கும் இவ்வளவே.

டிசெம்பர் 21ஆம் நாள் மாலை கடை திறந்தது. ஆண்டின் மிக நீண்ட இரவு அது. வெளியே கூடிய ஆலைச் சிறுவர் எள்ளி நகையாடினர் என்று இச்சங்கத்தின் வரலாற்றை எழுதிய ஜோர்ஜ் ஜேக்கப் ஹோலியோக் குறிப்பிடுகின்றார். பகலெல்லாம் தத்தம் தொழிலைச் செய்துவிட்டு, தொடக்கத்தில் திங்கள், சனி ஆகிய இரு மாலைகளில் மட்டுமே கடையைத் திறந்தனர். சாமுவேல் ஆஷ்வேர்த் சரக்கு நிறுத்துக் கொடுக்க, வில்லியம் கூப்பர் காசைப் பெற்றுக் கணக்கெழுதினார். நிறுப்பவர் ஒருவர், காசு பெறுபவர் இன்னொருவர் என வேலையைப் பிரித்தமை கவனிக்கற்பாலது.

நேயர்களே, இக்கடையின் வெற்றிக்கு அடிப்படையாக நின்ற விதிகள் சிலவே. முதலாவது, கடன் கொடுப்பதுமில்லை, கடனுக்கு வாங்குவதுமில்லை. "கடன் அன்பை முறிக்கும்" என்று நம் கடைச் சுவர்களில் எழுதிவைக்கின்றோம். அதற்குக் கீழேயே கடன் கொப்பியும் தொங்கும்! றொச்டேலில் அக்கொப்பிக்கு இடமே இருக்கவில்லை. இவ்விதி கொடிதாகவே இருந்தது என்பதை மறைத்தல் தகாது. வேறு கடைக்காரரிடம் கடன்பட்டிருந்த குடும்பங்கள் இக்கடைக்கு வர இயலாமற் போயின. மிக வறியவர் வெளியே நின்றனர். ஆனால் கடனை அனுமதித்திருந்தால், பத்து ஆண்டு முன்னர் நேர்ந்ததுபோல, அனைவருமே வெளியே நிற்க நேர்ந்திருக்கும்.

இரண்டாவது, கலப்படமற்ற பொருள், குறையாத நிறை. மூன்றாவது, ஊர்ச் சந்தை விலைக்கே விற்பனை. மலிவாக விற்றுப் பிற கடைகளோடு போட்டியிட அவர்கள் முயலவில்லை. 16 பவுண் சரக்கை வைத்துக்கொண்டு விலைப்போரில் இறங்குபவன் ஒரு மாதமும் நின்றுபிடிக்க மாட்டான் என்பதை உணர்ந்திருந்தனர்.

அப்படியாயின் வாங்குபவர்க்கு நன்மை யாது? அதுவே நான்காவது விதி. செலவும் முதலுக்குரிய சிறு வட்டியும் போக எஞ்சும் இலாபத்தை, அவரவர் வாங்கிய அளவுக்கேற்பக் காலாண்டுதோறும் திருப்பிப் பகிர்ந்தனர். ஒரு குடும்பம் 10 பவுணுக்கும், இன்னொன்று 5 பவுணுக்கும் பொருள் வாங்கியிருப்பின், முன்னது பின்னதைப்போல் இருமடங்கு பெறும். பணக்காரன் பங்கு மிகுதியாக வைத்திருந்தும் பொருள் வாங்கவில்லையெனின் அவனுக்கு வட்டி மட்டுமே. இவ்வாறு பகிர்ந்த இலாபத்தைப் பலர் வீட்டுக்குக் கொண்டுபோகாது சங்கத்திலேயே விட்டுவைத்தனர். வாங்கி உண்ட மாவும் சீனியுமே அவர்களுக்குச் சேமிப்பாகவும், கடைக்கு முதலாகவும் மாறின.

ஐந்தாவது, எத்தனை பங்கு இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. கணக்கு உறுப்பினர் யாவருக்கும் வெளிப்படை. மணமான பெண்ணின் உழைப்புப் பணத்துக்கும் கணவனே உரியவன் என்று இங்கிலாந்துச் சட்டம் கூறிய அக்காலத்திலேயே, 1846இல் எலிசா பிரையர்லி என்ற பெண்மணி இச்சங்கத்தில் உறுப்பினரானார்.

விளைவு உடனே வந்துவிடவில்லை. 1845 முடிவில் உறுப்பினர் 74 பேர். ஆண்டு விற்பனை 710 பவுண். இலாபம் 22 பவுண். இத்தொகையைக் கண்டு ஏளனம் செய்தவர்கள் இருந்திருப்பர். 1849ஆம் ஆண்டில் றொச்டேற் சேமிப்பு வங்கி முறிந்தது. பெரிய மனிதர் நடத்திய வங்கியில் தம் பணத்தை இழந்த மக்கள், கணக்கைக் கண்முன் காட்டிய சிறு கடையை நாடி வந்தனர். 1850இல் உறுப்பினர் 600 ஆயினர். 1860இல் 3,450 உறுப்பினரும், 152,063 பவுண் ஆண்டு விற்பனையும் கொண்ட நிறுவனமாக அது வளர்ந்திருந்தது. நூலகமும் வாசிகசாலையும் அமைத்து, இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கியது.

இடையிற் சோதனைகளும் வந்தன. 1850இல் தொடங்கிய மா ஆலையில் முதலில் தரம் குறைந்தது, நட்டமும் நேர்ந்தது. படிகாரத்தின் பொய் வெண்மைக்குப் பழகிய கண்களுக்குத் தூய மா பழுப்பாகத் தோன்றியது. ஆலையைக் கைவிடுவோம் என்றோரும் உளர். எனினும் விதியை மாற்றாது குறையைத் திருத்தினர், ஆலை நிலைபெற்றது.

மற்றொரு சோதனையில் அவர்கள் வெல்லவில்லை. 1854இல் தொடங்கிய நெசவாலையில், உழைப்பவர்க்கும் இலாபத்திற் பங்கு என்று விதித்திருந்தனர். ஆலை செழித்தது. செழிப்பைக் கண்டு பங்கு வாங்க வந்தவர் தொகை உழைப்பவர் தொகையை விஞ்சியது. 1862இல் அவர்களின் வாக்கே வென்று, தொழிலாளர் பங்கு நீக்கப்பட்டது. வறுமையிற் காத்த விதியை வளம் வந்தபோது காத்தல் அதனினும் அரிது என்பதற்கு இது சான்று.

றொச்டேல் விதிகள் கடல் கடந்தன. 1895இல் இலண்டனில் அமைந்த சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் அவற்றைத் தழுவியே 1937, 1966, 1995ஆம் ஆண்டுகளிற் கூட்டுறவுக் கோட்பாடுகளை வகுத்தது. இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, உணவுப் பங்கீட்டை முன்னிட்டு, 1942 முதல் ஊர்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் எழுந்தன. அவற்றையே நம்மவர் 'சங்கக்கடை' என்றனர். ஆயினும் பங்கீட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தவர் வேறு, வாரம் 2 பென்ஸ் சேர்த்துத் தம் கடையைத் தாமே திறந்தவர் வேறு. பங்கீட்டின் தேவையாற் பிறந்த கடை அத்தேவை குறைந்தபோது தளர்தல் இயல்பே.

தனியொருவர் நடத்தும் சிறு கடைக்கும் இவ்வரலாறு பொருந்தும். எவ்வளவு முதல் உண்டு என்று கேட்பதோடு நில்லாது, யாருக்குக் கடன் மறுப்பேன், தராசை யார் பார்ப்பர், நாள்தோறும் கணக்கை யார் எழுதுவர், வரும் இலாபத்தில் எவ்வளவு கடையிலேயே தங்கும் என்பனவற்றைக் கடை திறக்கும் முன்னரே தீர்மானித்தல் வேண்டும். உறவினர் வாசலில் வந்து நின்றபின் தீர்மானிப்பது கடினம். டோட் ஒழுங்கையிலுள்ள அக்கட்டிடம் 1931இல் நூதனசாலையாயிற்று. அங்கே செல்வோர் காண்பது சிறியதோர் அறையே. அவ்வறையிற் சரக்கு குறைவாக இருந்தது. விதிகள் குறைவின்றி இருந்தன.