எழுதப்படாத வேறுபாடு: இத்தாலிய அழுத்தமும் தமிழ்ப் புள்ளியும்

இதைக் கொச்சியின் கலூரில் இருந்து எழுதுகிறேன். என்ரிக்கே என்ரிக்கசு அடிகளார் தமிழில் பெயர்த்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579இல் அச்சேறியது இந்நகரில்தான். அக்கால எழுத்து வழக்கில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பொதுவாக வேறுபடுத்தப்படவில்லை. குறிலுக்குப் புள்ளி இட வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதியோர் பெரும்பாலும் அதை விட்டுவிட்டனர்.

இதன் விளைவை வினைகளில் காணலாம். ‘பெறு’ என்பது ஏவல் வினை. ‘பேறு’ என்பது முதனிலை திரிந்த தொழிற்பெயர். ‘கெடு’, ‘கேடு’ என்பனவும் அவ்வாறே. இங்கே இலக்கணப் பொருளை மாற்றுவது முதலுயிரின் நீட்சி ஒன்றே. ஏட்டில் இல்லாததும் அதுவே.

இக்குறையைக் களைந்தவராக நாம் போற்றும் வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்தவர். அவருடைய தாய்மொழியிலும் இத்தகைய மறைவு உண்டு. கா-பி-தோ என மூன்றசையாகப் பிரியும் ஒரே எழுத்துக்கோவை அங்கே மூன்று வினைவடிவங்களைத் தருகிறது. அழுத்தம் முதலசையில் விழுந்தால் ‘வந்து சேர்கிறேன்’; இடையசையில் விழுந்தால் ‘புரிந்தது’ என்னும் எச்சம்; ஈற்றசையில் விழுந்தால் ‘வந்து சேர்ந்தான்’. இன்றைய இத்தாலிய எழுத்துமுறை ஈற்றழுத்தத்திற்கு மட்டுமே குறியீட்டைக் கட்டாயமாக்குகிறது. முதலிரண்டையும் படிப்பவர் இடம் நோக்கி உணர வேண்டும்.

அழுத்தம் பெறும் அசை உயிரில் முடிந்து, சொல்லின் ஈற்றில் வராதபோது அவ்வுயிர் நீள்கிறது. ஆதலால் தமிழ்ச் செவிக்கு முதல் வடிவம் ‘காபிதோ’ என்றும், இரண்டாவது ‘கபீதோ’ என்றும் குறில் நெடில் வேறுபாடாகவே கேட்கும். ஆனால் தமிழில் நீட்சி தனித்தே பொருளை வேறுபடுத்தும். இத்தாலியத்தில் உயிரின் நீட்சி அழுத்தத்தைப் பின்தொடர்வது. நம் யாப்பின் நேரசையும் நிரையசையும் அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் அமைவதும் இங்கு நினைக்கத்தக்கது.

வீரமாமுனிவர் புள்ளியை மீட்கவில்லை. நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். ஒற்றைக்கொம்பு குறிலுக்கும் இரட்டைக்கொம்பு நெடிலுக்கும் உரியவாயின. தாய்மொழி அனுபவமே அவரைத் தூண்டியது என்று நான் வாதிடவில்லை. வேற்றுமொழியாளராய்த் தமிழ் கற்றவருக்கு, தாய்மொழியாளர் எளிதில் கடந்து செல்லும் இடம் இடறலாய்த் தோன்றுவது இயல்பு என்பதே என் கருத்து.

சுவடிப் பதிப்பில் ஈடுபடும் மாணவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும். ஏட்டில் உள்ளதை நாம் ‘பெறு’ என்றோ ‘பேறு’ என்றோ அச்சிடும் கணத்திலேயே உரை எழுதத் தொடங்கிவிடுகிறோம்.