நானோ பல்லேடியம்: தார்நாகா ஆய்வகம் கண்ட மாற்று வினையூக்கி

மருந்துகள், வேளாண் வேதிப்பொருட்கள் தயாரிப்பில் கார்பன் அணுக்களை ஒன்றோடொன்று இணைக்கப் பல்லேடியம் வினையூக்கியாகப் பயன்படுகிறது. இவ்வகை வினைகளை உருவாக்கிய ஹெக், நெகிஷி, சுசூகி ஆகியோருக்கு 2010-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும், இந்த உலோகம் விலை உயர்ந்தது. கரைசலில் கலந்துவிட்டால் அதை மீட்பது கடினம். மருந்தில் அதன் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவை மீறக் கூடாது.

இதற்குத் தீர்வாக, ஐதராபாத் தார்நாகாவில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் விஞ்ஞானிகள் பி.எம். சௌத்ரி, எம். லட்சுமி காந்தம் உள்ளிட்டோர் 2002-இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மக்னீசியம், அலுமினியம் கொண்ட அடுக்கு ஹைட்ராக்சைடில் பல்லேடியம் அயனிகளை ஏற்றி, ஒடுக்க வினை மூலம் அவற்றை நானோ துகள்களாக மாற்றினர். விலை மலிவான, ஆனால் எளிதில் வினைபுரியாத குளோரோ அரீன்களையும் இந்த வினையூக்கி இணைத்தது. அதை வடிகட்டிப் பிரித்து மீண்டும் பயன்படுத்தவும் முடிந்தது.

நானோமீட்டர் என்பது மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்கு. இத்தகைய துகள்களின் அளவை ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியும், படிக அமைப்பை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவும், உலோகத்தின் வேதிநிலையை எக்ஸ் கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலையியலும் காட்டுகின்றன. மறுபயன்பாட்டிற்குப் பின்னரும் இச்சோதனைகள் அவசியமாகின்றன. துகள்கள் ஒன்றுதிரண்டால் வினை நிகழும் பரப்பு குறைந்து, வினையூக்கியின் திறனும் சரியும்.